அண்ணாச்சியின் வலது கால்

நவம்பர் 3, திங்கள்

விடியும்போதே தூறல். குடை பள்ளி வேனுக்குள்ளேயே கிடக்கிறது. நனைந்துகொண்டே போனேன். நான்கு பிள்ளைகள் வரவில்லை, காய்ச்சல்.

பள்ளி வாசலில் ஒன்று நடந்தது. சின்ன விஷயம்தான். டிரைவர் சுடலைமுத்து அண்ணாச்சி வேனை நிறுத்திவிட்டு, வாட்ச்மேன் அறைக்கு டீ குடிக்கப் போனார். தினமும் போவதுதான். கேட் பக்கத்தில் நின்றுவிட்டார். யாரையோ பார்க்கிறார் என்று நினைத்தேன். இல்லை. உடம்பு முன்னால் போகப் பார்க்கிறது, பாதம் தரையை விட்டு வரவில்லை. செருப்பைத் தரையோடு ஒட்டிவைத்தது மாதிரி. பிறகு பொடிப்பொடியாக எட்டு வைத்துத் தேய்த்துத் தேய்த்துப் போனார்.

ஐந்தாம் வகுப்புப் பயல்கள் அதேபோல நடந்து காட்டிச் சிரித்தார்கள். அதட்டி உள்ளே அனுப்பினேன்.

"என்ன அண்ணாச்சி, கால்ல என்ன?"

"மரத்துப் போச்சு தாயி. நாளெல்லாம் உக்காந்தே கெடக்கோம்லா."

இருக்கும்.

தோசை மாவு புளித்துவிட்டது. இரவுக்கு ஊத்தப்பம்.

நவம்பர் 4, செவ்வாய்

மழை இல்லை, புழுக்கம். சிலிண்டர் தீர்ந்தது.

இந்த டைரி பள்ளியில் வருடா வருடம் கொடுப்பது. இதுவரை கோலப் புள்ளி வைத்துப் பார்க்கத்தான் பயன்பட்டது. நேற்று ஏன் எழுத உட்கார்ந்தேன் என்று தெரியவில்லை. வீட்டில் பேச ஆளில்லை, அதுதான் காரணமாக இருக்கும். பிள்ளை இல்லை. என் வீட்டுக்காரர் கேரளாவில் ஓட்டல் சமையல், மாதம் ஒரு முறை வருவார். அவர் போன புதிதில் சுவரைப் பார்த்துக்கொண்டு கிடந்த என்னைப் பள்ளியில் சொல்லி வேன் ஆயாவாகச் சேர்த்துவிட்டது அண்ணாச்சிதான். பிள்ளைகளை ஏற்றி இறக்குவது என் பொறுப்பு, ஓட்டுவது அவர் பொறுப்பு. ஒருநாளும் என்னை முகம் சுளித்து ஒரு சொல் சொன்னதில்லை.

இன்று வேன் கூரையில் தார்ப்பாய் அவிழ்ந்துவிட்டது. பின்னால் இருக்கும் ஏணியில் விறுவிறுவென்று ஏறிக் கட்டிவிட்டு இறங்கினார். இறங்கிய இடத்தில், சமதரையில், மறுபடி நின்றுவிட்டார். கால் வரவில்லை.

வாட்ச்மேன்: "பாத்தியளா? ஏணில ஏறுதாரு, தரையில நிக்காரு. நடிக்காரு மனுசன்."

அண்ணாச்சியும் சிரித்தார். கண் சிரிக்கவில்லை.

நவம்பர் 6, வியாழன்

இன்று எழுத்து கோணல்.

காலையில், கால்வாய்க் கரை வளைவு. பிசான நெல் நடவுக்குத் தண்ணீர் திறந்துவிட்டிருக்கிறார்கள், கரை தொட்டு ஓடுகிறது. அந்த இடத்தில் தடுப்புச் சுவர் கிடையாது. எதிரே நாற்றுக் கட்டு ஏற்றிய டிராக்டர், நடு ரோட்டில். அண்ணாச்சி ஹாரன் அடித்தார். வேகம் குறையவில்லை. நான் முன் சீட்டில்தான். ஏன் குறையவில்லை என்று திரும்பிப் பார்த்தேன். அவர் ரோட்டைப் பார்க்கவில்லை. குனிந்து தன் வலது காலைப் பார்த்துக்கொண்டிருந்தார். கால் ஆக்ஸிலேட்டர் மேல் இருந்தது. பிரேக்குக்கு மாற வேண்டியது மாறவில்லை.

கையால் தொடையைப் பிடித்து இழுத்தார். வரவில்லை. ஹேண்ட் பிரேக்கைப் பலமாக இழுத்தார்.

வேன் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு போய் நின்றது. முன் சக்கரம் கரைப் புல்லில். என் பக்கத்து ஜன்னலுக்குக் கீழே தண்ணீர் மட்டும்தான் தெரிந்தது.

டிராக்டர்காரன் எழுந்து நின்று ஏசினான்: "பிள்ளையள ஏத்திக்கிட்டு எப்டி ஓட்டுதீரு வே? கண்ணு தெரியலையா?"

பின்னால் பிள்ளைகள் கைதட்டுகிறார்கள். "இன்னொரு தடவ அண்ணாச்சி! இன்னொரு தடவ!"

பின்னால் எடுத்து, திருப்பி, பள்ளிக்குப் போய்ச் சேர்ந்தோம். பிள்ளைகளை இறக்கிவிட்டேன். பிறகு அண்ணாச்சி, ஸ்டியரிங்கைப் பார்த்துக்கொண்டே:

"வெளிய சொல்லிராத பேச்சி."

"சரி அண்ணாச்சி."

ஏன் சரி என்றேன்?

நவம்பர் 7, வெள்ளி

நேற்று நிகழ்ந்ததை நினைத்து நினைத்துச் சோறு இறங்கவில்லை.

இன்று போக வர முழுவதும் அவர் காலையே பார்த்தேன். ஒவ்வொரு வளைவிலும் என் கால் தானாகத் தரையை மிதித்தது. ஒன்றும் ஆகவில்லை. நன்றாகத்தான் ஓட்டினார். அதுவும் பயமாக இருந்தது, எப்போது வரும் என்று தெரியாததால். யு.கே.ஜி. குட்டி ஒன்று என் மடியில் தூங்கிவிட்டது. கையை எடுக்கப் பயந்து அப்படியே பிடித்துக்கொண்டிருந்தேன்.

செய்யக்கூடியவை:
ஹெச்.எம்.மிடம் சொல்வது. அண்ணாச்சி வேலை போகும்.
அண்ணாச்சியின் மனைவி, மதினியிடம் சொல்வது. அழுவார்.
அவரிடமே சொல்வது. ஏசுவார்.
நான் வேலையை விட்டு நின்றுவிடுவது. வேன் ஓடும். நான் இல்லாமல் ஓடும்.

கடைசியை எழுதும்போதே வெட்கம்.

வீட்டுக்காரருக்குப் போன் செய்தேன். ஓட்டலில் கூட்ட நேரம், பாத்திரச் சத்தம். "உனக்கெதுக்கு வம்பு? அவரு லாரியில பம்பாய் வரைக்கும் போன ஆளு. அவருக்குத் தெரியாததா?" வைத்துவிட்டார்.

அவருக்குத் தெரியும். தெரிந்தும் ஓட்டுகிறார், அதுதானே.

நவம்பர் 8, சனி

லீவு. வெயில் அடித்தது, துணி துவைத்துப் போட்டேன். அண்ணாச்சி வீட்டுக்குப் போனேன். சேரன்மகாதேவிதான், எங்கள் தெருவிலிருந்து கூப்பிடு தூரம். முருங்கைக்காய் பறித்துக்கொண்டு போனேன், சும்மா வந்த மாதிரி இருக்கட்டும் என்று.

கோமதி மதினி வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். அண்ணாச்சி மொட்டை மாடியில்.

"மதினி, அண்ணாச்சிக்குக் கால் எப்டி இருக்கு?"

வெங்காயத்தை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "உனக்கும் தெரிஞ்சிட்டா?"

பிறகு நிறுத்தாமல் சொன்னார். சஷ்டிக்குத் திருச்செந்தூர் போயிருந்தார்களாம். "கடக்கரை மணல்ல நல்லாத்தான் நடந்தாவ. கோயில் வாசல்ல வந்து நின்னுட்டாவ. பின்னால கூட்டம் நெருக்குது, ஏசுது, இவிய நகர மாட்டுக்காவ. எனக்கு உசுரே போச்சு. வீட்டுலயும் அப்படித்தான். மாடிக்கு ஓடுதாவ, அடுக்களை வாசல்ல வந்து நிக்காவ. ஒண்ணுக்கு முட்டுனா கக்கூஸ் போய்ச் சேரதுக்குள்ள... சொல்லக் கூடாது."

பக்கத்து வீட்டு அக்கா உள்ளே வந்து கேட்டுக்கொண்டிருந்தார். "எங்க பெரியப்பாவுக்கு வந்திச்சே, பார்க்கின்சன். அதுல கை நடுங்கும். கரண்டியில சாம்பார் நிக்காது. அண்ணாச்சிக்குக் கை நடுங்கலைல்லா? அப்ப அது இல்ல. வாயுவா இருக்கும்."

கை நடுங்கவில்லைதான். மதினி முகத்தில் கொஞ்சம் தெளிவு. எனக்கு இல்லை.

பிரஷர் இருக்கிறதா என்று கேட்டேன். பிரிட்ஜ் மேல் இருந்து ஒரு பிளாஸ்டிக் கவரை எடுத்துக் காட்டினார். மாத்திரை அட்டைகள், பாதி அப்படியே. தேதி முடிந்து வருடக் கணக்கு. லாரி ஓட்டும்போது ஒரு முகாமில் பார்த்துக் கொடுத்ததாம். "ஒரு தலைவலி உண்டா, கிறுகிறுப்பு உண்டா, நல்ல மனுசனுக்கு எதுக்கு மாத்திரைன்னு நிறுத்திட்டாவ. பீடிய மட்டும் நிறுத்தல."

அப்போது அண்ணாச்சி மாடியிலிருந்து இறங்கி வந்தார். அடுக்களை நிலைப்படியில் நின்றுவிட்டார். கையால் நிலையைப் பிடித்துக்கொண்டு, உடம்பை முன்னும் பின்னும் ஆட்டுகிறார். மதினி அவரைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. உட்கார்ந்த இடத்திலிருந்து தன் காலை அவர் பாதத்துக்கு முன்னால் குறுக்காக நீட்டினார். அவர் அதைத் தாண்டினார். உள்ளே வந்துவிட்டார்.

"இப்படி நீட்டுனா வந்துருதாவ," என்றார் மதினி என்னிடம். "ஏன்னு தெரியல."

கால்வாய் விஷயத்தை மதினியிடம் சொல்லவில்லை. அண்ணாச்சி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

நவம்பர் 10, திங்கள்

ராத்திரியிலிருந்து கொட்டுகிறது. பள்ளிகளுக்கு விடுமுறை. டிவியில் கலெக்டர் அறிவிப்பைக் கேட்டதும் கும்பிட்டேன். ஒரு நாள் கிடைத்தது.

தாமிரபரணியில் வெள்ளம், ஆற்றுப் பக்கம் போக வேண்டாம் என்று ஆட்டோவில் மைக் கட்டிச் சொல்லிக்கொண்டு போகிறார்கள். கால்வாயும் அப்படித்தான் இருக்கும். நாளை மழை விட்டால் அந்தக் கரை வழியாகத்தான் போக வேண்டும். வேறு ரோடு கிடையாது.

குடையைப் பிடித்துக்கொண்டு அண்ணாச்சி வீடுவரை போனேன். மதினி இல்லை, ரேஷன் கடைக்குப் போயிருந்தார்.

"அண்ணாச்சி, ஆஸ்பத்திரிக்குப் போவோம். இன்னைக்கு லீவுதான."

"போகலாம், போகலாம். மழை விடட்டும்."

"வண்டி ஓட்டாதீய அண்ணாச்சி."

"ஏட்டி, நடக்கும்போதுதான் கால் நிக்கி. சீட்டுல உக்காந்தா நான் பழைய ஆளு. அன்னைக்கு ஏதோ ஒரு தடவ."

"ஒரு தடவ போதாதா?"

பீடியைப் பற்ற வைத்தார். முதுகைத் திருப்பிக்கொண்டார்.

மழைச் சத்தத்தில் நான் போய்விட்டேன் என்று நினைத்திருப்பார். தன் தொடையில் ஓங்கி ஓர் அறை அறைந்தார். பிறகு இன்னொன்று.

நவம்பர் 11, செவ்வாய்

மழை விட்டுவிட்டது. பள்ளி உண்டு.

நடந்ததை நடந்தபடி எழுதிவிடுகிறேன்.

வேன் ராத்திரி அண்ணாச்சி வீட்டுத் தெரு முனையில்தான் நிற்கும். அங்கிருந்து நாங்கள் இரண்டு பேரும் கிளம்பிப் போய் முதல் ஊரில் பிள்ளைகளை ஏற்றுவோம். போனேன். அவர் சீட்டில் உட்கார்ந்து என்ஜினை ஓடவிட்டிருந்தார். நான் ஏறவில்லை. வேனுக்கு முன்னால் போய் நின்றேன்.

"ஏறு, நேரமாச்சு."

"ஏற மாட்டேன் அண்ணாச்சி. பிள்ளையள ஏத்தவும் மாட்டேன்."

"வெளையாடாத பேச்சி."

"ஆத்துல வெள்ளம். கால்வாய் நெறஞ்சு போகுது. என்னால அந்தப் பிள்ளையளுக்குக் கைகொடுத்து இந்த வண்டியில ஏத்த முடியாது."

சத்தம் போட்டார். அந்தச் சத்தத்தை நான் கேட்டதே இல்லை. "நான் வாங்கித் தந்த வேலையில இருந்துக்கிட்டு என்னையே மறிக்கியா? ஏட்டி, நான் ஓட்டுன ரோட்டுல பாதிய நீ பாத்திருக்கியா?" தெருவில் பல் தேய்த்துக்கொண்டிருந்தவர்கள் பார்க்கிறார்கள். என்னைத் தள்ளிவிடவோ என்னவோ, கதவைத் திறந்து இறங்கினார். என் பக்கம் ஓர் எட்டு. அவ்வளவுதான். நின்றுவிட்டார்.

எனக்கும் அவருக்கும் நடுவில் ஒரு சின்னத் தேங்கல் தண்ணீர். அதைப் பார்த்தபடி நிற்கிறார். வாயில் பாதி ஏச்சு. கால் வரவில்லை. முன்னால் சாய்கிறார், விழப்போகிறார். ஓடிப்போய்ப் பிடித்தேன். கனமான மனிதர். தோளைப் பிடித்துக்கொண்டு இரண்டு பேரும் நின்றோம்.

அவர் உடம்பு நடுங்கியது. அது நோய் நடுக்கம் இல்லை.

"பிரேக்குன்னு நெனைக்கேன் பேச்சி," என்றார் என் காதுக்குப் பக்கத்தில். "நெனைக்கேன். காலுக்குப் போய்ச் சேர மாட்டுக்கு."

வேனின் படியில் உட்கார வைத்தேன். தானே போனை எடுத்தார். பள்ளி மேனேஜரைக் கூப்பிட்டார். "சார், சுடலைமுத்து பேசுதேன். எனக்குக் கால் சரியில்ல. வேற ஆள விடுங்க. இல்ல சார், இன்னைக்கு மட்டும் இல்ல."

சாவியை என் கையில் கொடுத்துவிட்டு, வீட்டுச் சுவரைப் பிடித்துப் பிடித்துப் போனார். திரும்பிப் பார்க்கவில்லை.

வேறு டிரைவர் வர நேரமாகிவிட்டது. ஒவ்வொரு நிறுத்தத்திலும் பிள்ளைகளைப் பெற்றவர்களிடம் ஏச்சு. "மழ பெஞ்சா உங்களுக்கும் லீவோ?" ஒவ்வொரு பிள்ளையாகக் கைகொடுத்து ஏற்றினேன்.

நவம்பர் 13, வியாழன்

லீவு எழுதிக் கொடுத்துவிட்டு, அண்ணாச்சி, மதினி, நான், மூன்று பேரும் பாளையங்கோட்டை பெரியாஸ்பத்திரி. அவர்கள் மகளை ஓசூரில் கட்டிக் கொடுத்திருக்கிறது, உடனே வர முடியவில்லை. மதினிதான் நேற்று வந்து கூப்பிட்டார். "எனக்கு டாக்டர்ட்ட பேசத் தெரியாது. நீ வா." அண்ணாச்சி என்னோடு பேசவில்லை. பஸ்ஸில் முன் சீட்டில் தனியாக.

ஆஸ்பத்திரி வராந்தாவில் எல்லாரும் ஏதோ ஒரு பக்கம் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறார்கள். பக்கத்தில் ஓர் அம்மா தன் மகனிடம்: "நேத்து ராத்திரி நல்லா பேசிட்டுத்தான் படுத்தாவ." அதையே மறுபடி மறுபடி.

நரம்பு டாக்டர் பெண். வயது குறைவு, பொறுமை நிறைய. நடக்கச் சொன்னார், திரும்பச் சொன்னார். திரும்பும்போது கால் நின்றது. விரலைத் தட்டச் சொன்னார், தட்டினார். கையை மடக்கிப் பார்த்தார்.

"கை நல்லா வீசி நடக்கிறார். நடுக்கம் இல்லை. காலுதான்," என்று பக்கத்தில் இருந்த பயிற்சி டாக்டர் பையனிடம் சொன்னார்.

பி.பி. பார்த்தார். மறுபடி பார்த்தார். அடுத்த கையில் பார்த்தார். மேல் எண் இருநூறைத் தொட்டுக்கொண்டிருந்தது.

"தலைவலி இல்லையா உங்களுக்கு?"

"ஒண்ணும் இல்ல டாக்டர். நல்லாத்தான் இருக்கேன்."

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். "இதை வச்சுக்கிட்டு ஸ்கூல் வேன் ஓட்டிட்டு இருந்தீங்களா?"

அண்ணாச்சி தலை குனிந்தார். அப்போது என் மனம் ஆறுதல் அடைந்திருக்க வேண்டும். இல்லை. எத்தனை வளைவுகள். எத்தனை மழைக்காலம்.

உடனே மாத்திரை. தலையில் ஸ்கேன் எடுக்க எழுதிக் கொடுத்தார்.

நவம்பர் 16, ஞாயிறு

வீட்டுக்காரர் வந்திருக்கிறார். மீன் குழம்பு. பேச்சு கொஞ்சம். "நீ செஞ்சது சரிதான்," என்றார் சாப்பிடும்போது, தட்டைப் பார்த்துக்கொண்டே. தண்ணீர் குடித்தார்.

அண்ணாச்சிக்கு ஸ்கேன் நேற்று முடிந்தது. ரிசல்ட் செவ்வாய். மெஷினுக்குள் போகும்போது மதினி கையை விடவில்லையாம். நர்ஸ் விரல் விரலாகப் பிரித்துவிட்டாராம்.

நவம்பர் 18, செவ்வாய்

மூட்டம். மறுபடி மூன்று பேரும்.

டாக்டர் ஸ்கேனை வெளிச்சத்தில் காட்டினார். மூளைப் படத்தில் வெள்ளைத் திட்டுகள், புள்ளிகள். எனக்குப் பார்க்கவே பிடிக்கவில்லை.

அவர் சொன்னதை நான் புரிந்துகொண்டபடி: பார்க்கின்சன் என்பது மூளையில் ஒரு சரக்கு சுரப்பது குறைந்துபோவதால் வருவது. அதில் நடுக்கம், இறுக்கம், நடை தளர்வு. அண்ணாச்சிக்கு இருப்பது அதன் சாயலில் இருக்கிறது, காரணம் வேறு. மூளைக்குள் மயிரிழை மாதிரி ரத்தக் குழாய்கள். கொதிக்கிற பிரஷரிலும் பீடியிலும் அவை தடித்து அடைத்துப் போயிருக்கின்றன. அடைத்த இடமெல்லாம் துளித் துளியாகச் செத்திருக்கிறது. நடையைப் பார்த்துக்கொள்கிற கம்பி எல்லாம் அந்த வழியாகத்தான் போகிறதாம்.

"எப்ப டாக்டர் வந்திச்சு? இவிய ஒரு நாளும் விழலையே," என்றார் மதினி.

"ஒரே நாள்ல வரலம்மா. ஒவ்வொண்ணா வந்திருக்கும். ரொம்பச் சின்னது. வந்தது அவருக்கே தெரிஞ்சிருக்காது."

அந்த அறையில் ஏ.சி. கிடையாது. எனக்குக் குளிர்ந்தது. தெரியாமலே வருவதா? சோறு சாப்பிடும்போது, ஸ்டியரிங் பிடித்திருக்கும்போது, பேசிச் சிரிக்கும்போது?

அண்ணாச்சி அன்று முதல் முறையாக வாய் திறந்தார். "வாய்க்கால் தூந்துபோனா கடைசி வயல் காயுமே. அந்த மாதிரியா?"

"கிட்டத்தட்ட."

"காஞ்ச பயிரு?"

டாக்டர் ஸ்கேனைக் கீழே வைத்தார். "அது திரும்பாது. மிச்சத்தைக் காப்பாத்தலாம். பிரஷர், கொழுப்பு, ரத்தம் உறையாம இருக்க மாத்திரை, ஒரு நாளும் விடக்கூடாது. பீடி கூடாது. நடைப் பயிற்சி. பார்க்கின்சனுக்குக் கொடுக்கிற மாத்திரையும் கொஞ்ச நாள் கொடுத்துப் பார்ப்போம். கேட்டாலும் கேட்கும், கேட்காமலும் போகும்." பிறகு சொன்னார்: நிஜமான பார்க்கின்சன் உள்ளவர்களுக்குக்கூட இந்தக் குழாய்கள் கெட்டால் நடை இன்னும் மோசமாகுமாம். அதனால் எதுவாக இருந்தாலும் முதல் வேலை பிரஷர்தான்.

"வண்டி?" என்றார் அண்ணாச்சி.

"கூடாது."

"ஊருக்குள்ள மட்டும்? டிவிஎஸ்?"

"கூடாது."

திரும்பி வரும்போது பஸ்ஸில் டிரைவருக்குப் பக்கவாட்டு சீட்டில் உட்கார்ந்தார். சேரன்மகாதேவி வரும்வரை அந்த டிரைவருடைய காலையே பார்த்துக்கொண்டு வந்தார். பிரேக், ஆக்ஸிலேட்டர், பிரேக். இறங்கும்போது கண் சிவந்திருந்தது. மதினி கவனிக்காத மாதிரி பையைத் துழாவிக்கொண்டிருந்தார்.

நவம்பர் 21, வெள்ளி

புது டிரைவர் பேர் இசக்கி. இருபத்தாறு வயது. கால் நன்றாக வேலை செய்கிறது. கைதான் செல்போனில். கால்வாய் வளைவில் யாருக்கோ "ஓகே" அனுப்புகிறான்.

"தம்பி, போன உள்ள வையி."

"ஒரு செகண்ட்க்கா."

"வைக்கியா, நான் இங்கனயே பிள்ளையள எறக்கட்டுமா?"

வைத்தான். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டான். போன மாதம் வரை நான் யாரையும் இப்படி அதட்டியதில்லை. இப்போது எதைப் பார்த்தாலும் பயம், பயத்தில் வாய் முந்திக்கொள்கிறது.

ஹெச்.எம். கூப்பிட்டுக் கேட்டார், முன்பே ஏன் சொல்லவில்லை என்று. அண்ணாச்சிக்கு கேட்டில் உட்காருகிற வேலை ஏதாவது கிடைக்குமா என்று கேட்டேன். பார்க்கலாம் என்றார்.

நவம்பர் 25, செவ்வாய்

அண்ணாச்சி வீட்டில் விழுந்துவிட்டார். கக்கூஸ் வாசலில். நெற்றியில் தையல். மதினி போனில் பேச முடியாமல் அழுதார். சாயங்காலம் போனேன்.

வீட்டுக்குள் தரை முழுக்க வெள்ளைச் சுண்ணாம்புக் கோடு. அடுக்களையிலிருந்து கக்கூஸ் வரைக்கும், ஓர் எட்டுக்கு ஒரு கோடாக. நடைப் பயிற்சி கொடுக்கிறவர் சொன்னாராம், கோட்டைப் பார்த்துத் தாண்டினால் கால் வரும் என்று. மதினி நாள் முழுக்க உட்கார்ந்து போட்டிருக்கிறார். முழங்காலில் சுண்ணாம்பு.

"என் காலத் தாண்டுன மாதிரிதான். எந்நேரமும் நான் காலை நீட்டிக்கிட்டு இருக்க முடியுமா?"

அண்ணாச்சி கட்டிலில். சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தார். "வரட்டுமா அண்ணாச்சி" என்றேன். நான் வாசலில் செருப்பு போடும்போது உள்ளிருந்து கேட்டது:

"அந்தப் பய கியரை எப்டி மாத்துதான்?"

"கிரீச்சுன்னு சத்தம் வருது."

"கிளட்ச பூரா மிதிக்கச் சொல்லு."

இரண்டு வாரத்துக்குப் பிறகு என்னோடு பேசியது இதுதான். வீடு வரும்வரை மூக்கை உறிஞ்சிக்கொண்டே வந்தேன்.

நவம்பர் 29, சனி

வெயில். ஒரு வாரமாக மழை இல்லை. நடவு முடிந்த வயல் எல்லாம் பச்சை.

வீடு வீடாக வந்து பிரஷர் பார்க்கிற சுகாதார அக்கா அண்ணாச்சி வீட்டுக்கு வந்திருந்தார். நானும் அங்கே. அண்ணாச்சிக்கு நன்றாகக் குறைந்திருக்கிறது. மதினி சாமி படத்தைப் பார்த்துக் கும்பிட்டார். நடை அப்படியேதான். கோடு இருக்கிற இடத்தில் நடக்கிறார், கோடு முடிந்த இடத்தில் நிற்கிறார். பார்க்கின்சன் மாத்திரை பெரிதாகக் கேட்கவில்லை. பீடி இல்லை, அதற்குப் பதில் எல்லார்மேலும் கோபம்.

அக்கா பட்டையைச் சுருட்டும்போது அண்ணாச்சி: "இவளுக்கும் பாருங்க."

"எனக்கு என்ன அண்ணாச்சி? நான் நல்லாத்தான இருக்கேன்."

சொன்ன பிறகுதான் காதில் விழுந்தது, நான் சொன்னது. கையை நீட்டினேன்.

அக்கா பார்த்தார். கொஞ்ச நேரம் உட்காரச் சொன்னார். தண்ணீர் குடிக்கச் சொன்னார். மறுபடி பார்த்தார்.

"உங்க வயசு?"

"நாப்பத்தி மூணு."

"நூத்தி எழுபத்தி நாலு இருக்கு. பயந்திருந்தாலும் கூடும். திங்கக்கிழம ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வாங்க, டாக்டர் பாப்பாங்க. விட்டுராதீங்க."

தலைவலி இல்லை. கிறுகிறுப்பு இல்லை. கண்ணாடியில் பார்த்தேன். அதே முகம். எத்தனை வருடமாக? அம்மா ஐம்பது வயதில் ஒரு காலையில் வாசல் தெளிக்கும்போது சாய்ந்தாள். அதற்குப் பேர் என்னவென்று அன்றைக்கு யாரும் கேட்கவில்லை.

படுக்குமுன் வீட்டுக்குள் நடந்து பார்த்தேன். நிலைப்படியில் நிற்கிறேனா? இல்லை. திரும்பும்போது? இல்லை. மறுபடி நடந்தேன். பைத்தியம்.

டிசம்பர் 1, திங்கள்

பள்ளிக்கு அரை நாள் லீவு. அண்ணாச்சி கூட வந்தார். நான் வேண்டாம் என்றேன். கேட்கவில்லை. "நீ என்னைய ஆஸ்பத்திரிக்குத் தனியாவா விட்ட?"

பக்கம்தான், நடந்தே போகலாம். ஆனால் போய்ச் சேர வெகுநேரம் ஆனது. கடைத்தெரு முக்கில் அண்ணாச்சி நின்றுவிட்டார். பின்னால் லோடு ஆட்டோக்காரன் ஹாரன் அடித்தான். நான் அவருக்கு முன்னால் என் செருப்புக் காலைக் குறுக்கே வைத்தேன். ஆட்கள் பார்க்கிறார்கள். அவர் என் காலைப் பார்த்தார். தயங்கினார். அடுத்தவன் பொண்டாட்டி காலைத் தாண்டுவதா என்று நினைத்தாரோ என்னவோ.

"தாண்டுங்க அண்ணாச்சி. பைய."

தாண்டினார்.

டாக்டரும் பார்த்துவிட்டு அதே எண்தான் சொன்னார். ரத்தம் எடுத்தார்கள். உப்பு, ஊறுகாய், அப்பளம் குறைக்க வேண்டும். மாத்திரை தினம் ஒன்று. எத்தனை நாளைக்கு என்று கேட்டேன். டாக்டர் சிரித்தார், கோபம் இல்லாத சிரிப்பு.

வரும் வழியில் அண்ணாச்சி ஒன்றுதான் சொன்னார். "ஒண்ணும் தெரியாது பேச்சி. அதான் அதுக்குள்ள இருக்க ஏமாத்து. ஒண்ணுமே தெரியாது."

டிசம்பர் 2, செவ்வாய்

தூறல். இட்லி. சட்னிக்கு உப்பு பாதி, சகிக்கவில்லை.

விடிந்ததும் அண்ணாச்சி போன்.

"போட்டியா?"

"போட்டேன் அண்ணாச்சி."

பொய். மாத்திரை இந்த டைரிப் பக்கத்தில்தான் கிடக்கிறது. வெள்ளை, பொத்தானைவிடச் சின்னது. இதைப் போடாத வரைக்கும் எனக்கு ஒன்றும் இல்லை. போட்டுவிட்டால் நானும் அந்த வராந்தாவில் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறவர்களில் ஒருத்தி. நேற்று ராத்திரி போட்டிருக்க வேண்டும், போடவில்லை. காலையில் என்று தள்ளினேன். இப்போது காலை.

வீட்டுக்காரரிடம் இன்னும் சொல்லவில்லை.

தண்ணீர் எடுத்து வந்தேன். போட்டேன். விழுங்கியாயிற்று. ஒன்றும் தெரியவில்லை.

தெரு முனையில் ஹாரன். இசக்கி. கியர் கிரீச்.